மின் இணைப்பு இல்லாத இடத்தில் டிரெய்லர் ஏசி: பேட்டரியும் சோலார் பேனலும் எவ்வளவு வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான்கு மீட்டர் நீளமுள்ள எங்கள் முகாம் டிரெய்லரில் 5,000 பி.டி.யு. குளிர்விக்கும் திறனுள்ள ஜன்னல் ஏசி ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். அதன்மேல் ஒட்டியுள்ள விவரச் சீட்டில் 450 வாட் என்று உள்ளது. கைவசம் மொத்தம் 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி அளவுக்கு ஈய-அமில பேட்டரிகளும், கூரையில் 200 வாட் சோலார் பேனலும் இருக்கின்றன. பகலில் நாங்கள் பெரும்பாலும் வெளியில்தான் இருப்போம். இரவில் இருவர் உறங்கும் எட்டு மணி நேரம் ஏசி ஓடினால் போதும். இதற்கு இன்னும் எவ்வளவு பேனலும் பேட்டரியும் தேவைப்படும், அல்லது ஜெனரேட்டர் இல்லாமல் இது நடக்காத காரியமா என்று அறிய விரும்புகிறேன். பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரை 1,000 வாட் அளவில் வாங்க எண்ணியுள்ளேன்; அது போதுமா என்பதையும் தெரிவியுங்கள்.

பதில் 1

வணக்கம். வாட் கணக்கைவிட வாட்-மணிக் கணக்குதான் (வாட்டை ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வரும் மொத்த மின் செலவு) இங்கே முடிவைத் தீர்மானிக்கும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். கம்ப்ரசர் நிற்காமல் ஓடினால் எட்டு மணி நேரத்தில் 3,600 வாட்-மணி செலவாகும். ஆனால் வெயில் இறங்கிய பின், நன்றாக மூடப்பட்ட சிறிய டிரெய்லரில் கம்ப்ரசர் விட்டுவிட்டுத்தான் ஓடும். அது அறுபது விழுக்காடு நேரம் ஓடுவதாகவும், விசிறி இரவு முழுவதும் சுழல்வதாகவும் வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 2,300 வாட்-மணி ஆகும். இன்வெர்ட்டரில் வெப்பமாக வீணாகும் பத்துப் பன்னிரண்டு விழுக்காட்டையும், சுமை இல்லாதபோது அது தானாக இழுக்கும் மின்சாரத்தையும் சேர்த்தால், பேட்டரியிலிருந்து ஓர் இரவுக்கு 2,700 வாட்-மணி எடுக்க வேண்டியிருக்கும்.

உங்கள் பேட்டரிகளின் கொள்ளளவு காகிதத்தில் 2,400 வாட்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி காலி செய்தால் அதன் ஆயுள் விரைவாகக் குறையும் என்பதால், உண்மையில் பயன்படுத்தத் தக்கது 1,200 மட்டுமே. 200 ஆம்பியர்-மணி என்ற அளவும் பொதுவாக இருபது மணி நேரத்தில், அதாவது 10 ஆம்பியர் வீதம், மெதுவாக இறக்கும்போது கிடைப்பது. இந்த ஏசி ஓடும்போது 43 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்த வேகத்தில் கொள்ளளவு மேலும் சுருங்கும். ஆகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் எண்பது, தொண்ணூறு விழுக்காடு வரை தயங்காமல் எடுக்கலாம் என்பதால், 12.8 வோல்ட்டில் 300 ஆம்பியர்-மணி (3,840 வாட்-மணி) இருந்தால் ஓர் இரவு நிறைவாகக் கழியும்.

செலவழித்ததை மறுநாள் திரும்ப நிரப்புவதுதான் கடினமான பகுதி. பேனலின் வாட் அளவு அதன் செல்கள் 25 பாகை செல்சியஸில் இருக்கும்போது கணிக்கப்பட்டது. கொளுத்தும் வெயிலில் செல்கள் 65 பாகையைத் தொட்டால் ஏழில் ஒரு பங்கு அங்கேயே குறைந்துவிடும். ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கும் நாளில்கூட, கூரையில் படுக்கையாக இருக்கும் 200 வாட் பேனல் 750 வாட்-மணி தந்தால் அது நல்ல விளைச்சல். அவ்வகையில் உங்களுக்கு மொத்தம் 700 முதல் 800 வாட் வரை பேனல் வேண்டும். ஆகவே நல்ல வெயில் கிடைக்கும் இடங்களில் ஜெனரேட்டர் இல்லாமலே இது நடக்கும். மேகமூட்டமான இரண்டு நாட்கள் அடுத்தடுத்து வந்தால் நடக்காது.

பதில் 2

மேலே உள்ள கணக்குடன் உடன்படுகிறேன். இன்வெர்ட்டரைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். சாதாரண கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் ஓட்ட மின்னோட்டத்தைப்போல் பல மடங்கு இழுக்கும் என்பதால், 1,000 வாட் இன்வெர்ட்டர் அந்தத் தொடக்கச் சுமையிலேயே நின்றுவிட வாய்ப்புண்டு. வீட்டு மின்சாரத்தைப் போன்ற சீரான அலை தரும் 2,000 வாட் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டரை வாங்குங்கள். படிக்கட்டு போன்ற கரடான அலை தரும் மாடிஃபைடு சைன் வேவ் வகையில் மோட்டார் கூடுதலாகச் சூடாகும். லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று அந்தக் கணநேர மின்னோட்டத்தைத் தாங்குமா என்பதையும் வாங்கும்முன் பாருங்கள். இன்னும் ஏசியை மாற்றும் வாய்ப்பு இருந்தால், மெதுவாக வேகமெடுக்கும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வகையே இந்த வேலைக்கு ஏற்றது.

பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். இதில் சமரசம் கூடாது. தடித்த கேபிளில் ஏற்படும் ஷார்ட் சர்க்யூட் சில நொடிகளில் தீயாகிவிடும். எல்லாவற்றையும் புதிதாக வாங்குவதாயின் 24 வோல்ட்டுக்கு மாறுவதை நான் வலியுறுத்துவேன்: மின்னோட்டம் பாதியாகும், அதே கேபிளில் ஏற்படும் இழப்பு கால் பங்காகும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நாங்கள் தங்கும் இடங்களில் பெரும்பாலும் மர நிழல் இருக்கும். நிழலில் நிறுத்தினால் டிரெய்லர் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் பேனல் பயன்படாது. இதற்கு என்ன வழி? இரவில் ஜெனரேட்டரை ஓடவிட்டு உறங்குவதில் ஆபத்து உண்டா?

பதில் 3

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அது உயிர் சம்பந்தப்பட்டது. ஜெனரேட்டர் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழிக்காமலே இறந்துபோகக்கூடும். ஜெனரேட்டர் டிரெய்லரிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, புகைபோக்கி எதிர்ப்பக்கம் நோக்கியபடி இருக்க வேண்டும், உள்ளே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வேண்டும். ஆனால் இரவில் அதை ஓட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. பகலில், நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், 60 ஆம்பியர் சார்ஜரைக் கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டினாலே 1,600 வாட்-மணிக்கு மேல் பேட்டரியில் ஏறிவிடும். அக்கம்பக்கத்தில் தங்கியிருப்பவர்களின் உறக்கமும் கெடாது.

நிழலைப் பொறுத்தவரை, டிரெய்லரை நிழலிலேயே நிறுத்துங்கள். பேனலை மடக்கு வகையாக வாங்கி, நீண்ட கேபிளுடன் வெயிலில் விரியுங்கள். பேனல்களைத் தொடராக இணைத்து மின்னழுத்தத்தை உயர்த்தி, எம்.பி.பி.டி. கண்ட்ரோலருக்கு (பேனலிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுத்து, பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டுக்கு மாற்றும் கருவி) கொண்டுவந்தால் நீண்ட கேபிளிலும் இழப்பு குறைவு. கண்ட்ரோலர் ஏற்கும் உச்ச வோல்ட்டை மட்டும் மீறிவிடாதீர்கள். பேனலைச் சூரியனை நோக்கிச் சாய்க்க முடிவது இதில் கூடுதல் ஆதாயம். இடம் மாறும் நாட்களில், இழுக்கும் வாகனத்திலிருந்து 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் (வாகனத்தின் மின்சாரத்தை டிரெய்லர் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி ஏற்றும் கருவி) வழியாக மணிக்கு 400 வாட்-மணி அளவுக்குப் பெறலாம்.

பதில் 4

பேட்டரியைப் பெரிதாக்குவதற்கு முன் வெப்பத்தைக் குறையுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். ஜன்னல்களுக்கு வெளிப்புறத்தில் ஒளியைத் திருப்பும் உறை, கூரைத் துளைகளுக்கு நுரை அடைப்பு, ஏசியைச் சுற்றியுள்ள இடைவெளிக்கு நல்ல அடைப்பு ஆகிய மூன்றும் சில நூறு வாட்-மணியை மிச்சப்படுத்தும். படுக்கைப் பகுதியைத் தடித்த திரையால் பிரித்துவிட்டால், ஏசி குளிர்விக்க வேண்டிய காற்றும் சுவர்ப்பரப்பும் வெகுவாகக் குறையும். பேட்டரி நிறைந்துவிட்ட நாளில், வெயில் சாயும்முன் ஒரு மணி நேரம் ஏசியை ஓட்டி, மெத்தையும் சுவர்களும் உள்வாங்கிய வெப்பத்தை வெளியேற்றிவிடுங்கள். அது பேனலிலிருந்து நேரடியாக வரும் மின்சாரம், இரவுக் கணக்கில் சேராது.

எதையும் வாங்கும்முன், டிரெய்லரை வீட்டு மின் இணைப்பில் பொருத்தி, பிளக்கில் செருகும் மின் அளவி ஒன்றின் வழியாக ஏசியை ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள். காலையில் அது காட்டும் எண்ணை இங்கே பதிவிட்டால், பேட்டரி அளவை ஊகமின்றிச் சொல்லிவிடலாம்.