அட்டைப்பெட்டியில் ராஜா கவசம்: வளைக்கிற இடத்தில் உடைகிறது, என்ன செய்யலாம்?

காட்பாடிக்காரன்:
பையன் நாலாவது முடித்திருக்கிறான். லீவு விட்டதும் வேலூர் கோட்டைக்குக் கூட்டிப் போய் அகழியையும் மதிலையும் காட்டினேன், அதுதான் நான் செய்த தப்பு. இப்போது எங்கள் மொட்டை மாடிதான் கோட்டை, 1806 சிப்பாய்ப் புரட்சி தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நடக்கிறது. "நைனா, எனக்குக் கவசம் வேணும்" என்று மூன்று நாளாக நச்சரிப்பு. பரணில் கிடந்த ஃப்ரிட்ஜ் பெட்டியை இறக்கி, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று வெட்டி, டேப் ஒட்டி மாட்டிவிட்டேன். மார்பை வளைத்தால் குறுக்கே சடக்கென்று மடிப்பு விழுகிறது. கையைத் தூக்கினால் தோள் அட்டை காதில் இடிக்கிறது. வியர்வையில் கழுத்துப் பக்கம் நமுத்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஆம்பூர் ஷூ கம்பெனி:
சார், ஃப்ரிட்ஜ் பெட்டி பெரும்பாலும் அஞ்சு ப்ளை, அதாவது மூன்று தட்டைத் தாள், நடுவே இரண்டு அலைத் தாள். பிள்ளை உடம்புக்கு அது வளையாது. பிஸ்கட் வருகிற மூணு ப்ளை பெட்டி எடுங்கள். அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே ஓடுகிற வரி தெரியும், அந்த வரி தலையில் இருந்து கால் பக்கம் போகிற மாதிரி வெட்ட வேண்டும். நீங்கள் குறுக்கே வெட்டியிருப்பீர்கள், அதனால்தான் மடிப்பு. வரியை நேராக வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் உள்பக்கம் விரலகலத்துக்கு ஒரு கோடாக அழுத்திக்கொண்டே போய், சப்பாத்திக் கட்டை மேல் மெதுவாக உருட்டினால் அழகாக உருண்டு வரும்.

டேப்பை விட்டுவிடுங்கள். எங்கள் வேலையில் சொல்யூஷனை, அதாவது செருப்பு ஒட்டுகிற பசையை, இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, கையில் ஒட்டாத அளவு காயவிட்டு அப்புறம்தான் அழுத்துவோம். ஈரமாகவே ஒட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வாடை தலைசுற்ற வைக்கும், மாடியில் காற்றோட்டமாக நீங்கள் மட்டும் உட்கார்ந்து ஒட்டுங்கள், பையனை அனுப்பிவிடுங்கள். இந்தப் பக்கம் வந்தால் சோலுக்குப் போடுகிற மெத்தென்ற ஈவா ஃபோம் ஷீட் வெட்டுத்துண்டு பழைய சாமான் கடையில் கிடைக்குமா என்று கேளுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஒரு பட்டை ஒட்டினால் உராயாது, வியர்வையும் அட்டையில் இறங்காது.

செய்யாறு கூத்துப் பைத்தியம்:
அண்ணா, உங்கள் கவசம் ஒரே ஓடாக இருக்கிறது, அங்கேதான் சிக்கல். எங்கள் பக்கம் பாரதக் கூத்தில் கட்டை வேஷம் பார்த்திருப்பீர்கள். கிரீடம் தனி, புஜம் தனி, மார்புப் பதக்கம் தனி. எல்லாம் எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தது, ஒவ்வொன்றையும் கயிற்றால் உடம்போடு கட்டுவார்கள். அதனால்தான் துரியோதனன் விடிய விடிய கிறுகிறுவென்று சுற்றி ஆட முடிகிறது. நீங்களும் தோளை மார்போடு ஒட்டாதீர்கள். உள்ளங்கை அளவு மூன்று நான்கு துண்டு, மீன் செதில் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கட்டும், ஓட்டை போட்டுப் பாவாடை நாடாவால் தளர்வாகக் கோர்த்துத் தொங்கவிடுங்கள். கை தூக்கினால் ஒன்றுக்குள் ஒன்று சரிந்துகொள்ளும். வெட்டுவதற்கு முன்னால் பழைய தினத்தந்தியைப் பையன் மேலேயே சுற்றி அளவு எடுத்துவிடுங்கள். ஆணி மண்டைக்குப் புளியங்கொட்டையை ஒட்டி வெள்ளிப் பெயிண்ட் அடித்தால் கிட்டே போய்ப் பார்த்தாலும் தெரியாது.

கோட்டை வெளி:
ஒரு சந்தேகம். 1806-ல் சிப்பாய்களுக்கு ஏது கவசம்? புது மாதிரித் தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், நெற்றியில் நாமம் விபூதி கூடாது, தாடியை எடு என்று உத்தரவு போட்டதில்தானே ஜூலை 10 விடியறதுக்கு முன்னாலேயே சண்டை மூண்டது. பையனிடம் தொப்பியை மாட்டாதே என்று சொல்லிவிடுங்கள், செலவு மிச்சம்.

சத்துவாச்சாரி அம்மா:
அதைப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். காட்பாடி அண்ணா, பெயிண்டுக்கு முன்னால் ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து இரண்டு பக்கமும் ஓரங்களிலும் பூசிக் காயவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் அட்டை கோணிக்கொள்ளும். ஓரத்துக்குப் பேப்பர் பட்டையை மைதா பசையில் ஒட்டலாம், ஆனால் போஸ்டர் பசைக்குப் போடுகிற மாதிரி மயில் துத்தம் சேர்க்காதீர்கள், அது விஷம், பிள்ளைகள் கையை வாயில் வைக்கும். ஸ்டேப்ளர் பின் ஒன்றுகூட வேண்டாம், என் சின்னவள் முதுகில் கீறல் பட்டு நான் கற்றுக்கொண்டது. முகமூடி வேண்டவே வேண்டாம், மாடிப்படி தெரியாது. கத்திக்கு நியூஸ்பேப்பரைச் சுருட்டிக் கொடுங்கள், மூங்கில் குச்சி உள்ளே வைக்காதீர்கள். இந்த வெயிலில் உள்ளே காட்டன் பனியன், அரை மணிக்கு ஒருதரம் கழற்றித் தண்ணீர்.

காட்பாடிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. மூணு ப்ளையில் புதிதாக வெட்டினேன், சப்பாத்திக் கட்டை விஷயம் அப்படியே வேலை செய்கிறது. தோள் செதில் நாலு துண்டு, நாடாவில் ஆடுகிறது, காதில் இடிக்கவில்லை. புளியங்கொட்டையில் பாதியைப் பையன் வறுத்துத் தின்றுவிட்டான். இப்போது அவனோடு விளையாடுகிற மற்ற ஐந்து பிள்ளைகளும் கவசம் கேட்டு வாசலில் நிற்கிறார்கள், பெட்டி தீர்ந்துவிட்டது. எங்கே போய் எடுப்பது?

சத்துவாச்சாரி அம்மா:
லாங்கு பஜாரில் ராத்திரி கடை அடைக்கிற நேரத்துக்குப் போங்கள். ஒரு பையும் கூடவே ஒரு ஆளும் வேண்டும்.