வெளி லேபுக்குப் போகும் தோல் பயாப்ஸி: 88305 பில்லிங் கோடை யார் போடுவது?

கேள்வி: அமெரிக்கத் தோல் மருத்துவர் ஒருவருக்கு பில்லிங் செய்கிறேன். பயாப்ஸி எடுத்து ஃபார்மலினில் போட்டு வெளி லேபுக்கு அனுப்புகிறோம். ஸ்லைடு, ரிப்போர்ட் எல்லாம் அவர்களே. நாங்கள் 88305 (திசுவை மைக்ராஸ்கோப்பில் பரிசோதித்து ரிப்போர்ட் தருவதற்கான கோடு) போடலாமா? ஒரே வேலைக்கு நோயாளிக்கு இரண்டு பில் போய்விடக் கூடாது, அதுதான் கவலை.

பதில்: மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) என்றால் கூடவே கூடாது. அதை லேபே நேரடியாக பில் செய்யும். உங்களுக்கு பயாப்ஸி கோடு மட்டும்: ஷேவ் (மேலாகச் சீவி எடுப்பது) என்றால் 11102, பஞ்ச் (வட்டக் கத்தியால் துளைத்து எடுப்பது) என்றால் 11104.

இன்னொரு பதில்: மாதிரியை அனுப்பும் வேலைக்கு 99000 என்ற கோடு உண்டு, ஆனால் மெடிகேர் அதற்குத் தனியாகப் பணம் தராது. தனியார் காப்பீட்டில் 88305 உடன் மாடிஃபையர் 90 (வெளி லேப் செய்த சோதனை என்று காட்டக் கோடுடன் சேர்க்கும் குறி) போட்டு நீங்கள் பில் செய்தால் செல்லுமா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள்.

கேட்டவர்: சரி. லேப் தயாரித்த ஸ்லைடை எங்கள் டாக்டரே படித்து ரிப்போர்ட் எழுதினால்?

பதில்: அப்போது நீங்கள் 88305 உடன் மாடிஃபையர் 26 (படித்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவர் பங்கு), லேப் அதே கோடுடன் டிசி (TC, ஸ்லைடு தயாரிக்கும் தொழில்நுட்பப் பங்கு).