ஏரிக்கோட்டை இழுத்தால் மாநகராட்சி எல்லையும் கூடவே வருகிறது, பிரித்ததும் எல்லை உடைந்துவிட்டது: உதவி தேவை

ஏரிக்கரை_வாசி:
நண்பர்களே, அவசரம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்ல (யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடம்) ஏரி ஓரமா சென்னை மாநகராட்சி எல்லை தப்பா போகுது. ஏரியைச் சரிபண்ண நோடை (கோட்டுல இருக்கிற புள்ளி) நகர்த்தினா எல்லையும் நகருது. அதனால பிரிச்சுட்டேன். இப்ப எல்லை மூடலைன்னு பிழைப் பட்டியல்ல வருது. எப்படிச் சரிபண்றது?

கலங்கல்:
எந்த ஏரி? திருத்தினது எதுல, ஐடி (iD) எடிட்டரா, ஜோசம் (JOSM) மென்பொருளா? சேமிச்சாச்சுன்னா சேஞ்ச்செட் (சேமிச்ச திருத்தத் தொகுப்பு) எண் குடுங்க.

வரைபடப்_பித்தன்:
படம் விலகியிருக்கும் ப்ரோ, பாதிப் பிரச்சினை அங்கதான். செயற்கைக்கோள் படம் ஒவ்வொரு இடத்துலயும் சில மீட்டர் தள்ளி நிக்கும். முதல்ல ஜிபிஎஸ் தடங்களைப் போட்டு, சாலை மேல பொருந்துதான்னு பாருங்க. அப்புறம் படத்தை நகர்த்திட்டு வரைங்க.

கலங்கல்:
படம் விலகினா ஏரி தள்ளிப்போகும், எல்லை உடையாது. அதை அப்புறம் பாக்கலாம். “பிரிச்சேன்”னு சொன்னீங்களே, எதை? ஐடில டி (D) அழுத்தினா நோடு பிரியும். எக்ஸ் அழுத்தினா கோடு ரெண்டா வெட்டுப்படும். ரெண்டையும் நாம பிரிக்கிறதுன்னுதான் சொல்றோம், ஆனா விளைவு வேற.

ஏரிக்கரை_வாசி:
போரூர் ஏரி, ஐயப்பன்தாங்கல் பக்கம். ஐடிதான். எக்ஸ் போட்டு ரெண்டு இடத்துல வெட்டி நடுத்துண்டை அழிக்கப் பார்த்தேன், விடலை. ரிலேஷன் (பல கோடுகளை ஒரே பொருளாச் சேர்க்குற தொகுப்பு) பட்டியல்ல இருந்து எடுத்துட்டு அழிச்சேன். ஏரிக்குப் புதுக்கோடு போட்டுட்டேன். சேமிச்சாச்சு.

மூத்தவரைஞர்:
இதெல்லாம் தொடங்குமுன் படித்திருக்க வேண்டிய பாடம். “பெரிய ரிலேஷனின் பகுதி, அழிக்க முடியாது” என்று எடிட்டர் தடுப்பது உங்களைக் காப்பாற்றத்தான். அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போனால் எல்லை உடையாமல் என்ன செய்யும்? எல்லை ரிலேஷனைப் புரிந்துகொள்ளாதவர்கள் ஏரி ஓரம் கை வைக்க வேண்டாம். ஊரில் கடையும் கோயிலும் ஆயிரம் இருக்கின்றன, அவற்றைச் சேருங்கள்.

கலங்கல்:
ஐயா, அவர் கேட்டது வழி. சரி, காரணம் தெரிஞ்சுபோச்சு. அங்க ஏரிக்கோடும் எல்லைக்கோடும் பக்கத்துப் பக்கத்துல இருந்த ரெண்டு கோடு இல்லை. ஒரே கோடு, ஏரி மல்ட்டிபாலிகான்லயும் (ஏரியோட பரப்பைக் காட்டுற ரிலேஷன்) எல்லை ரிலேஷன்லயும் உறுப்பு. அதுமட்டுமில்ல. 2011-ல மாநகராட்சி 174-லேர்ந்து 426 சதுர கிலோமீட்டரா விரிஞ்சப்போ போரூர் உள்ள வந்தது. 2018-ல சென்னை மாவட்டமே மாநகராட்சி எல்லை வரைக்கும் நீண்டது. அதனால அந்தத் துண்டு சென்னை மாவட்டம், காஞ்சிபுரம் மாவட்டம், அதுக்குக் கீழ தாலுகா எல்லாத்துலயும் உறுப்பா இருந்திருக்கும். நீங்க உடைச்சது ஒரு எல்லையை இல்லை.

கையால ஒட்டுப்போடாதீங்க. ஜோசம் திறந்து ரிவர்ட்டர் செருகுநிரலை (சேமிச்ச திருத்தத்தைத் திருப்புற கூடுதல் கருவி) நிறுவுங்க. கன்ட்ரோல்+ஷிஃப்ட்+டி (T) அழுத்தி சேஞ்ச்செட் எண்ணைக் குடுங்க. அழிஞ்ச கோடு அதே அடையாள எண்ணோட, எல்லா ரிலேஷன்லயும் பழைய இடத்துலயே திரும்பி வரும். புதுசா வரைஞ்சு சேர்த்தா வரலாறு போயிடும், ஒரு ரிலேஷனாவது விட்டும்போகும். முரண்பாடு காட்டினா யாரோ இடையில திருத்தியிருக்காங்கன்னு அர்த்தம். ஒவ்வொண்ணாப் பார்த்துத் தீர்க்கணும்.

அடுத்து ஒவ்வொரு எல்லை ரிலேஷனையும் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஓ வழியா எண் போட்டு, உறுப்புகளோட முழுசா இறக்குங்க. திரையில தெரியிற பகுதியை மட்டும் இறக்கினா பாதி உறுப்பு வராது, மூடியிருக்கா இல்லையான்னு தெரியாது. ரிலேஷன் எடிட்டர்ல வரிசைப்படுத்துற பொத்தானை அழுத்தினா, உறுப்புகளுக்குப் பக்கத்துல ஓடுற கோடு அறுபடாம வளையமா முடியணும். கோடுகளோட பங்கு அவுட்டர், அதாவது வெளிக்கோடுன்னு இருக்கணும்.

கடைசியாத்தான் ஏரி. அதுக்குத் தனிக்கோடு வரைஞ்சு ஏரி மல்ட்டிபாலிகான்ல சேருங்க, பழைய கோட்டை அதிலிருந்து மட்டும் எடுங்க. பழைய கோடு எல்லைக்கு, புதுக்கோடு ஏரிக்கு. நோடுகள் ஒட்டவே கூடாது. ஷிஃப்ட்+வி போட்டுச் சோதிச்சுட்டு ஏத்துங்க.

தாங்கல்:
இன்னொண்ணு. எல்லை முன்னாடியே தப்பா இருந்ததுன்னா யாரோ ஏரியை இழுத்தப்போ சேர்ந்து நகர்ந்திருக்கும். கோட்டோட வரலாற்றைப் பார்த்து “பதிப்பு மாறலையே”ன்னு விட்டுடாதீங்க. நோடு நகர்ந்தா கோட்டோட பதிப்பு எண் ஏறாது. நோடைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+எச் பாருங்க.

வரைபடப்_பித்தன்:
எல்லையை ஏரிக்கரையிலதானே வைக்கணும்? கூகுள் மேப்லயும் அப்படித்தான் போகுது.

தாங்கல்:
கூகுளைப் பார்த்து வரையவே கூடாது, உரிமம் இடம் தராது. எல்லை சட்டப்படி வகுத்த கோடு, தண்ணி வத்துனா நகராது. மே மாசப் படத்துல உள்வாய் (ஏரிக்குள்ள தண்ணி நிக்கிற பரப்பு) பக்கம் ஏரி சுருங்கிக் கிடக்கும், வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு எடுத்த படத்துல விரிஞ்சிருக்கும். ஏரியை முழு நீர்மட்டத்துக்கு வரையலாம். எல்லையை அப்படி வரைய முடியாது.

வரைபடப்_பித்தன்:
அப்ப எதை வெச்சு வரையறது? புலப்படம் (அரசோட நில அளவைப் படம்) இணையத்துலயே கிடைக்குதே, சர்வே எண்ணோட.

மூத்தவரைஞர்:
கிடைப்பது வேறு, எடுத்துப் பயன்படுத்த உரிமை இருப்பது வேறு. பார்க்கக் கொடுத்த படத்தை நகலெடுத்து ஏற்றினால் அத்தனை திருத்தத்தையும் நீக்க வேண்டிவரும்.

தாங்கல்:
இதுல ஐயா சொல்றது சரி. அரசிதழ்ல எல்லையை வார்த்தையில சொல்லியிருந்தா படிச்சுட்டு, தரையில போய் எல்லைக்கல்லு, ஊர்ப்பலகை பார்த்துக் குறிக்கலாம். அதுவரைக்கும் நோடுகளோட பழைய இடத்துக்கே எல்லையைத் திருப்பிவிடுறதுதான் நல்லது.

வரைபடப்_பித்தன்:
ஏரி ஓரத்துல எல்லைக்கல்லு எத்தனை மிஞ்சியிருக்கும்? பாதி மண்ணுக்குள்ள போயிருக்கும்.

ஏரிக்கரை_வாசி:
ரிவர்ட் பண்ணிட்டேன். ரெண்டு முரண்பாடு வந்தது, தீர்த்தாச்சு. எல்லா எல்லையும் மூடிடுச்சு. ஆனா தேடல்ல முகவரி இன்னும் பழசாவே காட்டுது. நன்றி கலங்கல், தாங்கல்.

கலங்கல்:
பெரிய எல்லை மாறினா உள்ள இருக்கிற முகவரி எல்லாத்தையும் நாமினேட்டிம் (ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்போட தேடல் கருவி) உடனே கணக்குப் போடாது. அதுக்காக எல்லையைத் திரும்பத் தொடாதீங்க. நோடுகளோட வரலாறு பார்த்தீங்களா, எல்லை பழைய இடத்துக்கு வந்துச்சா?