பீலித் தண்ணி (ஊற்றுத் தண்ணி) 170 வீட்டுக்குத் தாங்குமா?

மலைச்சாரல்:
இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனில் லயத்தில் (வரிசை வீடுகளில்) 110 குடும்பம், புதுசா 60 தனிவீடு வருகிறது. காட்டோரத்து ஊற்றில் 20 லீற்றர் வாளி 14 செக்கனில் நிரம்புகிறது. அளந்தது நவம்பரில். ஊற்றிலிருந்து கடைசி வீடு 140 மீற்றர் கீழே. 20 வருஷத்துக்கு இதை நம்பிக் குழாய் போடலாமா?

பீலிக்கரை:
நவம்பர் அளவை வைத்து ஒரு அடி குழாய்கூட வாங்காதீங்க தம்பி. ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணுக்குள் இருக்கும்போது எல்லா ஊற்றும் தாராளமாகத்தான் ஓடும். பெப்ரவரி கடைசி, மார்ச்சில் வாரம் ஒருமுறை அளங்க. ஒவ்வொரு தடவையும் மூன்று வாளி பிடித்துச் சராசரி எடுங்க. அதில் ஆகக் குறைந்ததுதான் உங்கள் ஊற்றின் உண்மையான அளவு.

கணக்கைப் பாருங்க. வீட்டுக்கு 4.5 பேர் என்றால் 765 பேர். வருஷம் 1.5 வீதம் கூடினால் 20 வருஷத்தில் ஏறக்குறைய 1,030. ஆளுக்கு 100 லீற்றர், கசிவுக்கு 20 வீதம் சேர்த்தால் நாளுக்கு 1,24,000 லீற்றர். உங்கள் நவம்பர் ஊற்று தருவது 1,23,400. மழைக்காலத்திலேயே இழுபறி! மார்ச்சில் வாளி நிரம்ப 30 செக்கன் எடுத்தால் 57,600தான் கிடைக்கும், பாதிகூட இல்லை. இரண்டாவது ஊற்றை இப்போதே தேடுங்க.

ஊற்றுக்கண்:
ஊற்றைக் கட்டும்போது நடக்கிற பெரிய பிழை ஒன்று. ஊற்றுத் தண்ணியைப் பிடிக்கிற பெட்டியின் வழிகுழாயை (மிஞ்சின தண்ணி வெளியேறும் குழாயை) ஊற்றுக்கண்ணுக்கு, அதாவது தண்ணி வெளிவரும் வாய்க்கு, மேலே வைத்துவிடுவார்கள். உள்ளே தண்ணி ஏறி நின்று கண்ணை அழுத்தும், ஊற்று வேறு பக்கம் உடைத்துக்கொண்டு போய்விடும். பிறகு திருப்பிக் கொண்டுவர முடியாது. வழிகுழாய் கண்ணுக்குக் கீழேதான் இருக்கணும். இறுகிய களி அல்லது பாறை வரும்வரை தோண்டி, கண்ணுக்கு முன்னால் கழுவிய கல் அடுக்கி, மேலே களிமண் போட்டு மூடுங்க. மேற்பக்கம் ஒரு கான் (வடிகால்) வெட்டினால் தேயிலை மலையில் போடுகிற உரமும் களைகொல்லியும் மழையோடு பெட்டிக்குள் இறங்காது.

பீலிக்கரை:
140 மீற்றர் உயரம் என்றால் ஏறக்குறைய 14 பார் அழுத்தம் (பத்து மீற்றருக்கு ஒரு பார்). பத்து பார் வரை தாங்குகிற குழாய் இதைத் தாங்காது. பகலில் ஓடும்போது ஒன்றும் தெரியாது; இரவில் எல்லாரும் பைப்பை மூடிய பிறகுதான் வெடிக்கும். சேமிப்புத் தொட்டியை ஊற்றுக்கு 80 மீற்றர் கீழே, மேல் லயத்துக்குச் சற்று மேலே வைக்க இடம் இருந்தால் அழுத்தம் அங்கேயே அறுந்துவிடும். கீழே மிஞ்சுவது 60 மீற்றர்தான். தொட்டி 45,000 லீற்றராவது வேணும், காலை 5 மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் திறப்பார்களே. ஊற்றிலிருந்து தொட்டி வரை 63 மில்லிமீற்றர் குழாய் போதும், குழாய் உரசலில் கிலோமீற்றருக்கு 7 மீற்றர் உயரத்து அழுத்தம் அளவில்தான் இழப்பு. குழாய் மேடு ஏறி இறங்கும் இடத்தில் காற்று வால்வு, பள்ளத்தில் சேறு மண்ணைத் திறந்துவிடக் கழுவு வால்வு. மேட்டில் காற்று அடைத்தால் ஊற்றில் தண்ணி இருந்தும் தொட்டிக்கு வராது.

மலைச்சாரல்:
இரண்டாவது ஊற்று தனிவீடுகளுக்குக் கீழே இருக்கிறதே அண்ணே?

ஊற்றுக்கண்:
அதைப் பம்ப் பண்ணி மேலேற்ற வேணாம், கரண்ட் பில்லைக் கட்டவே சந்தாக்காசு போய்விடும். அந்த ஊற்றுக்கும் கீழே இருக்கிற வீடுகளைத் தனி லைனாகப் பிரித்து அதில் கொடுங்க, மேல் ஊற்றின் பாரம் குறையும். எல்லா வீட்டுக்கும் முதல் நாளே மீற்றர் பூட்டுங்க. இல்லாவிட்டால் மேல் வரிசைத் தோட்டத்துக்குப் பாயும், கீழ் லயத்துக்குக் காற்றுதான் வரும். இரண்டு ஊற்று நிலத்துக்கும் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே தோண்டுங்க. பிரதேச சபையிலும் கேளுங்க. 2018 பிரதேச சபைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தோட்டத்துக்குள்ளும் அவர்கள் வேலை செய்யலாம்.