ஓடும்போது போடும் டி-ஷர்ட்: துவைத்தும் வாடை திரும்ப வருகிறது

விடியல்ஓட்டம்:
வாரம் ஐந்து நாள் ஓடுகிறேன். நான்கு டி-ஷர்ட், நான்கும் பாலியெஸ்டர். துவைத்துக் காய்ந்தபின் முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. போட்டுக்கொண்டு பத்து நிமிடம் ஓடி உடம்பு சூடானதும் அக்குளில் பழைய வாடை கிளம்பிவிடுகிறது. சோப்புத் தூளை இரண்டு மடங்கு போட்டேன், ஃபேப்ரிக் கண்டிஷனரும் ஊற்றினேன். இன்னும் மோசமானதுதான் மிச்சம். கூட ஓடுகிறவர்கள் பக்கத்தில் போகவே கூச்சமாக இருக்கிறது. பருத்திச் சட்டையில் இந்தத் தொல்லை இல்லையே, ஏன்?

ஜெர்சிஅம்மா:
முதலில் கண்டிஷனரை நிறுத்துங்கள். என் மகன் கால்பந்து ஆடுகிறான், ஆறு வருடமாக அவன் ஜெர்சியைத் துவைப்பவள் நான். இரண்டு வருடம் இதே தவறைத்தான் செய்தேன்.

புதிய வியர்வைக்குக் கிட்டத்தட்ட மணமே கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. பாலியெஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, ஆனால் உடம்பின் எண்ணெய்ப் பசையை விடாமல் பிடித்துக்கொள்ளும். துவைத்தபின்னும் அந்தப் பிசுக்கு இழையில் தங்கிவிடுகிறது. சூடுபட்டதும் வாடை மேலே வருகிறது. கண்டிஷனர் அதன்மேல் இன்னொரு படலம் பூசிவிடும். அதிகமாகப் போட்ட சோப்பும் சரியாக அலசப்படாமல் துணியிலேயே நின்றுவிடும்.

நான் செய்வது: சோடியம் பெர்கார்பனேட், அதாவது ஆக்சிஜன் பிளீச், வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவை 40 டிகிரி வெந்நீரில் கரைத்து, சட்டையின் உள்பக்கத்தை வெளியே திருப்பி நான்கைந்து மணி நேரம் ஊறவிடுங்கள். பச்சைத் தண்ணீரில் அது மெதுவாகத்தான் வேலை செய்யும். வாளியை இறுக மூட வேண்டாம், வாயு வெளிவரும். அப்புறம் என்சைம் உள்ள சோப்பில், சரியான அளவில் துவைத்து நன்றாக அலசுங்கள். எண்ணெயைச் சிதைக்கும் லைப்பேஸ் அதில் இருந்தால் நல்லது. கம்பளிக்கும் பட்டுக்கும் மட்டும் இந்த வேலை வேண்டாம்.

குளோரின் பிளீச் பக்கம் போகவே போகாதீர்கள். இழுபடும் எலாஸ்டேன் நூல் பாழாகிவிடும். குளோரின் பிளீச்சோடு வினிகர் கலந்தால் நச்சு வாயு வரும், உயிருக்கே ஆபத்து.

ஈரக்கொடி:
மெஷினையும் பாருங்கள். முன்பக்கக் கதவு உள்ளதென்றால் அந்த ரப்பர் வளையத்தின் மடிப்புக்குள் விரல் விட்டுத் துடையுங்கள். எங்கள் வீட்டில் பாதி வாடை அங்கிருந்துதான் வந்தது. ஓடி முடித்த சட்டையைப் பைக்குள் சுருட்டி வைக்காமல் உடனே விரித்துப் போடுங்கள்.

விடியல்ஓட்டம்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டு முறை ஊறவைத்தேன். மூன்று சட்டை தேறிவிட்டன, இன்று ஒரு மணி நேரம் ஓடியும் வாடை இல்லை. மிகவும் பழைய நீலச் சட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் வீசுகிறது. இன்று இரவு மூன்றாவது முறை ஊறப்போடுகிறேன். ஜெர்சிஅம்மா, மனமார்ந்த நன்றி.