அப்டேட்: கானாடுகாத்தான் ஆச்சியோட ஸ்வெட்டர்

போன தடவை ஆச்சி போட்ட ஸ்வெட்டர் போட்டோ போட்டேன்ல, நெஞ்சுல கயிறு முறுக்கின மாதிரி வர்ற டிசைன் எப்படின்னு கேட்டீங்க, நேர்லயே கேட்டுட்டேன். அதுக்குப் பேரு கேபிள். பின்னுற ஊசியில இருக்குற நாலு லூப்ல (நூல் வளையம்) முதல் ரெண்டை சின்ன ஊசியில எடுத்து முன்னாடி தொங்கவிட்டு, அடுத்த ரெண்டைப் பின்னிட்டு அப்புறம் தொங்கவிட்டதைப் பின்னணுமாம், முறுக்கு இடப்பக்கம் சாயும், பின்னாடி விட்டா வலப்பக்கம். அவ்ளோதான்ங்கிறாங்க, எனக்குப் பார்க்கவே தலை சுத்துது! சீரியல் பாத்துக்கிட்டே போடுறாங்க வேற.

அடுத்தது ஃபேர் ஐல், அதாவது பல கலர் நூல்ல பின்னுற, ஸ்காட்லாந்தோட ஷெட்லாந்து தீவு டிசைன், பெரும்பாலும் வரிசைக்கு ரெண்டு கலர் தான், ஒரு கலர்ல பின்னும்போது பின்பக்கம் சும்மா ஓடுற இன்னொரு கலர் நூலை இறுக்கிட்டா துணி சுருங்கிடும்.

"இந்த வெயில்ல யாருக்கு ஆச்சி?"ன்னேன். "பேரன் கனடாவுல இருக்கான்ல"ன்னாங்க.

விலைக்குக் கேட்டவங்களுக்கு: தரமாட்டாங்களாம், நானும் கேட்டுப் பாத்துட்டேன்.