கூப்பர் பிளாக் எழுத்துரு பேக்கரிப் பெயர்ப்பலகைக்குப் பொருந்துமா?

அடுமனை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் சிறிய பேக்கரி ஒன்றைத் தொடங்கவிருக்கிறேன். பெயர்ப்பலகை, கேக் பெட்டி, பில் புத்தகம் ஆகிய மூன்றிலும் ஒரே எழுத்துரு இருக்க வேண்டும் என்று நினைத்து, ஆங்கிலப் பெயருக்குக் கூப்பர் பிளாக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த பன்னைப் போல அது உப்பியிருப்பதே காரணம். ஆனால் பெயர் முழுவதையும் பெரிய எழுத்துகளில் அடித்துப் பார்த்தபோது, திரையில் கண்ட அழகு போய், ஏதோ மூட்டைகளை அடுக்கியதைப் போலத் தெரிகிறது. தவறு எழுத்துருவிலா, நான் பயன்படுத்திய முறையிலா? அதன் கீழே தமிழ்ப் பெயரை எந்த எழுத்துருவில் வைப்பது என்பதும் விளங்கவில்லை.

பழைய_அச்சுக்கோப்பாளர்:

தவறு எழுத்துருவில் இல்லை. சிகாகோவில் விளம்பர எழுத்துகள் வரைந்துகொண்டிருந்த ஆஸ்வால்ட் கூப்பர் வடிவமைத்து, அதே நகரின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற அச்செழுத்து வார்ப்பகம் 1922-இல் வெளியிட்ட எழுத்துரு அது. அது விற்ற வேகத்தைக் கண்டு மற்றவர்களும் களத்தில் இறங்கினார்கள். அச்சுக்கோப்பு இயந்திரங்கள் செய்த மோனோடைப் நிறுவனம் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்துரு வடிவமைப்பாளர் ஃபிரடெரிக் கௌடி 1925-இல் வரைந்த கௌடி ஹெவிஃபேஸ், கூப்பர் பிளாக்குக்குப் போட்டியாகவே பிறந்தது.

அதன் உருவத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். செரிஃப் எனப்படும், எழுத்துக் கோடுகளின் ஓரத்தில் நீண்டிருக்கும் சிறு முனைகள் கூர்மையாகவோ தட்டையாகவோ முடியாமல், ஈரத் தாளில் மை ஊறிப் பரவியதைப் போல உருண்டு முடிகின்றன; 'ஓ' எழுத்தின் உள்ளே இருக்கும் வெற்றிடம் நேராக நிற்காமல் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது; கீழிறங்கும் வால்கள் மிகக் குட்டையாக இருப்பதால் வரிகளை நெருக்கி அடுக்க முடிகிறது. எழுத்துகளின் அடிப்பகுதியும் உருண்டையாக இருப்பதால், ஓர் எழுத்து கோட்டிலிருந்து மயிரிழை விலகினாலும் கண்ணுக்கு உறுத்தாது. தாளிலிருந்து தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் எழுத்துகளைக் கையாண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். 1960-களிலும் 70-களிலும் இசைத்தட்டு உறைகளிலும் கடை முகப்புகளிலும் இவ்வெழுத்து நிறைந்து கிடந்ததற்கு இந்த மன்னிக்கும் குணமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

பலகை_வேலை:

உங்கள் சிக்கல் பெரிய எழுத்துகளில்தான் இருக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்பதால், இவ்வளவு பருமனான எழுத்துருவில் அவை சுவர் எழுப்பியதைப் போலாகிவிடும். கூப்பர் பிளாக்கின் அழகெல்லாம் சிறிய எழுத்துகளில், குறிப்பாக 'ஏ', 'ஈ', 'எஸ்' ஆகியவற்றின் வளைவுகளில் இருக்கிறது. ஈஸிஜெட் விமான நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள்: ஆரஞ்சு நிறத்தோடு வரும் அந்தப் பெயரில் 'ஜெ' மட்டுமே பெரிய எழுத்து. ஆகவே முதல் எழுத்தைப் பெரிதாகவும் மற்றவற்றைச் சிறியனவாகவும் வைத்து, எழுத்திடைவெளியைச் சற்றே குறையுங்கள்.

அக்ரிலிக் எழுத்துகளை வெட்டி உள்ளே எல்இடி விளக்கு வைப்பதானால் இந்த எழுத்துருவைப் போல வசதியானது வேறில்லை. எழுத்தின் முக்கியக் கோடுகளான தண்டுகள் அகலமாக இருப்பதால் விளக்குப் பட்டை தாராளமாக அமரும். ஆனால் 'ஈ'யின் உள்ளே இருக்கும் சிறிய துளை, இரவில் ஒளி பரவும்போது அடைத்துக்கொள்ளும். பலகை சிறியதென்றால் அந்தத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி வெட்டச் சொல்லுங்கள். பில் புத்தகத்தில் மட்டும் தயவுசெய்து வேண்டாம். 10 பாயிண்ட் போன்ற சிறிய எழுத்தளவில் அது வெறும் கரும்புள்ளிகளாகிவிடும். அங்கே கூப்பர் குடும்பத்தின் மெல்லிய வடிவத்தைப் போட்டால் சாயலும் மாறாது, எண்களும் தெளிவாக இருக்கும்.

சுழியம்:

முந்தைய இருவரும் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேள்வியே தலைகீழாக இருக்கிறது. கடை தமிழ்நாட்டில் என்றால், பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில், தமிழ் முதலிடத்தில் அமைய வேண்டும் என்பது விதி. அதாவது பெரிதாகத் தெரியப்போவது தமிழ்ப் பெயர்தான். அதை முதலில் தேர்ந்துவிட்டு, கூப்பர் பிளாக் அதனோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே முறை.

பலர் சாதாரணத் தமிழ் எழுத்துருவை எடுத்து, சுற்றிலும் கோடு கொடுத்துத் தடிமனாக்குவார்கள். 'ப', 'ட' போன்ற எழுத்துகள் அதைத் தாங்கிக்கொள்ளும். சுழிகள் நிறைந்த 'ண', 'ஞ', 'இ' ஆகியவை மூச்சுத் திணறிப்போகும். கூப்பர் பிளாக்கின் பருமனை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முயல வேண்டாம். அதைவிட ஒரு படி மெலிந்ததாகவும் அளவில் பெரியதாகவும் இருந்தால், இரண்டும் ஒரே கருமையோடு தெரியும். எழுத்துரு வடிவமைப்பாளர்களான எக் டைப் குழுவினரின் பலூ தம்பி என்ற எழுத்துருவை முயன்று பாருங்கள். தடிமனாகவும் முனைகள் உருண்டும் இருக்கும். திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் செரிஃப் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், தமிழுக்குச் சுழியே போதுமான அலங்காரம்.

அடுமனை:

மூவருக்கும் நன்றி. தமிழ்ப் பெயரைப் பலூ தம்பியில் மேலே பெரிதாகவும், ஆங்கிலப் பெயரை முதலெழுத்து மட்டும் பெரிதாக இருக்கும்படி கீழேயும் வைத்து, வீட்டுச் சுவரில் ஒட்டித் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். மூட்டைகள் மறைந்துவிட்டன. கேக் பெட்டிக்கு எழுத்தின் உள்ளே வெள்ளைக் கோடு ஓடும் ஏதாவது வடிவம் கிடைக்குமா?

பழைய_அச்சுக்கோப்பாளர்:

கிடைக்கும். பலூனின் மீது வெளிச்சம் பட்டதைப் போன்ற அந்த வடிவத்தைக் கூப்பரே 1925-இல் கூப்பர் ஹைலைட் என்ற பெயரில் செய்துவைத்திருக்கிறார். பெட்டியை ஒரே நிறத்தில் அச்சிடுவதானால் அந்தக் கோட்டின் அகலத்தை அச்சகத்தில் முன்கூட்டியே காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மை பரவினால் முதலில் மறைவது அதுதான்.